எலும்பின் பிடியும் பிளேட்டின் பிடியும்

உற்சாகம் தரும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எலும்பு அறுவை சிகிச்சைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்கள் நீங்கள். மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வாழ்நாள் முழுக்க எலும்பு ஒட்டிவிட்டு இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவன் நான். உற்சாகமாக என்னத்தைச் சொல்வது? வெற்றிக் கதைகளை மாநாட்டு மேடைகளில் வேண்டிய மட்டும் கேட்பீர்கள். ஸ்லைடு போட்டு, எக்ஸ்ரே காட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்த எக்ஸ்ரேவுக்குச் சொந்தக்காரர் அதற்குப் பிறகு எப்படித் தலை வாரிக்கொண்டார், எப்படிச் சோறு பிசைந்து தின்றார் என்று யாரும் ஸ்லைடு போடுவதில்லை. என்னுடைய கடைசி வருஷங்களில் வந்த ஒரு அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு, கிழவருக்கு மனசு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சரியில்லைதான்.

முதலில் ஸ்க்ரூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனால் தெரிந்ததை மறப்பதில் நம்மைப் போன்ற கெட்டிக்காரர்கள் வேறு தொழிலில் கிடையாது.

எலும்பின் வெளிச்சுவர் கெட்டியானது. அதற்கு நெருக்கமான, ஆழம் குறைந்த மரை உள்ள ஸ்க்ரூ போதும். எலும்பின் முனைகள் உள்ளே பஞ்சுபோலப் பொருபொருவென்று இருக்கும். அங்கே தண்டு மெலிந்து, மரை அகலமாகவும் ஆழமாகவும் இருக்கிற ஸ்க்ரூ வேண்டும். ஸ்க்ரூவைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் தனியாக வருவதில்லை. மரைக்கும் மரைக்கும் நடுவே சிக்கியிருக்கிற எலும்பும் அறுந்துகொண்டு கூடவே வரும். ஆகவே பிடிப்பு என்பது அந்த இடுக்குகளில் எவ்வளவு எலும்பு இருக்கிறது, அது எத்தனை நல்ல எலும்பு என்பதுதான். மரையை அகலமாக்கலாம், ஆழமாக்கலாம், ஸ்க்ரூவை நீளமாக்கலாம். இதெல்லாம் இருக்கிற எலும்பை அதிகமாக அள்ளிப் பிடிப்பதற்கான வழிகள். இல்லாத எலும்பை எந்த மரையும் உண்டாக்கித் தராது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மகா கோபக்காரர். நாங்கள் மாணவர்களாக இருந்தபோது ஒரு நாள் மேஜைமேல் ஒரு தேங்காய் ஓட்டையும், கேன்டீனிலிருந்து வாங்கி வந்த ரஸ்க்கையும் வைத்தார். இரண்டிலும் ஸ்க்ரூ போடச் சொன்னார். ஓட்டில் சின்ன மரை ஜம்மென்று பிடித்தது. ரஸ்க்கில் சின்ன மரை போட்டால் தூள்தான் கொட்டியது. அகலமான மரை போட்டபோது ரஸ்க்கும் கொஞ்சம் பிடித்தது. எனக்கு ஆசை விடவில்லை. இன்னும் அரைச் சுற்று திருகினேன். ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தது, பிடி போயே போய்விட்டது. விரல் கணுவில் கத்தரியின் பின்பக்கத்தால் ஒன்று போட்டார். "இன்னும் கொஞ்சம்னு கை கேக்கும். கொடுக்காதே" என்றார். தெருவில் ஒருவனை மரை கழன்றவன் என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆபரேஷன் தியேட்டரில் மரை கழன்றால் சிரிக்க ஆள் இருக்காது. அந்த வயதில் அடி வாங்கியதால்தான் எனக்கு இது மறக்கவில்லை.

நேர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். கும்பளங்கியிலிருந்து ஒரு மீன்காரர் முன்கை முறிந்து வந்தார். வலை இழுத்து இழுத்துத் தேக்குக் கட்டை மாதிரி கை. உதவிக்கு நின்ற டாக்டர், துளை போட்ட பிறகு உள்ளே மரை வெட்டாமல் அவசரத்தில் ஸ்க்ரூவைத் திருகிவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்க்ரூவின் தலைதான் முறிந்து வந்தது. மிச்சத்தை வெளியே எடுப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அன்று பட்ட பயத்தில், குழந்தையோ கிழவியோ, எல்லா எலும்பிலும் முழு ஆழத்துக்குத் துளை போட்டு மரை வெட்டிய பிறகே ஸ்க்ரூ என்று எங்கள் தியேட்டரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கெட்டி எலும்புக்கு அது சரி. பொத்தல் எலும்பில் அப்படிச் செய்தால், இருக்கிற கொஞ்சத்தையும் நாமே சுரண்டி எடுத்துவிடுகிறோம். ஒரே ஒரு நாள் பட்ட பயம் எப்படிப் பல வருஷத்துக்குச் சட்டமாகிவிடுகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உடைந்த எலும்பின்மேல் வைத்து ஸ்க்ரூவால் இறுக்குகிற இரும்புப் பட்டைதான் பிளேட். அப்புறம் லாக்கிங் பிளேட் வந்தது. நீங்கள் அதோடேயே வளர்ந்தவர்கள். ஸ்க்ரூவின் தலையிலும் மரை, பிளேட்டின் ஓட்டையிலும் மரை. இரண்டும் பூட்டிக்கொண்டு ஒரே இரும்பாகிவிடும். வயதானவர்களின் எலும்புக்கு இது பெரிய வரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயம். பழைய ஸ்க்ரூவைத் திருகும்போது கையில் தெரிந்த இறுக்கம் எலும்பு சொன்ன பதில். லாக்கிங் ஸ்க்ரூ கடைசியில் இறுகும்போது தெரிவது இரும்பு இரும்புக்குச் சொல்கிற பதில். பின்னால் எலும்பு இருந்தாலும் அதே இறுக்கம்தான், காற்று இருந்தாலும் அதே இறுக்கம்தான். இந்தத் தொழிலில் இருப்பவன் மட்டுமே ஏமாறக்கூடிய ஏமாற்றம் இது. வெளியாள் யாருக்கும் அந்த இறுக்கம் தெரியவே தெரியாது.

இப்போது பத்மாவதிக்கு வருகிறேன்.

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கில் சுக்கு பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். தமிழ்க் குடும்பம். தாத்தா காலத்திலேயே வந்து இங்கே தங்கிவிட்டவர்கள். அறுபதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு. கிடங்கில் எல்லோரும் பத்மா அக்கா என்று கூப்பிடுவார்கள். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. ஒரு மழை நாளில் கிடங்கு முற்றத்தில் நனைந்து கிடந்த சாக்கில் கால் வழுக்கி, வலது தோளில் போய் விழுந்தார். மேல்கை எலும்பு தோள்மூட்டுக்குச் சற்றுக் கீழே உடைந்து, அதன் உருண்டைத் தலை பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கையைத் துண்டில் கட்டிக்கொண்டு, மகன் குமாரோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். சுக்கு வாசனை அறை முழுக்க இருந்தது.

வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலி கிடக்கட்டும் சாரே. எனக்கு எப்போ அவரைத் தூக்கலாம்? அது மட்டும் சொல்லுங்க."

"யாரைத் தூக்கணும்?"

"வீட்டுக்காரரைத்தான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்து போச்சு. பேச்சும் இல்லே. காலையிலே தூக்கி உட்கார வைக்கணும். மத்தியானம் உச்சைக்கு ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா. இல்லேன்னா முதுகு புண்ணாயிரும். அஞ்சாறு வருஷமா ஒரு புண்ணு வந்ததில்லே அவருக்கு. நர்ஸுங்க வந்து பார்த்துட்டு அதிசயப்படுவாங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு பெருமை வந்தது. கை உடைந்து உட்கார்ந்திருக்கிற நேரத்தில் வந்த பெருமை.

"இப்போ யார் பார்த்துக்கறா?"

குமார்தான் பதில் சொன்னான். காக்கநாட்டில் ஐ.டி. கம்பெனிகளுக்குச் சாப்பாடு சப்ளை செய்கிற கேன்டீனில் அவனுக்கு வேலை. விடிவதற்கு முன்னால் பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. "இப்போ லீவு சார். லீவு முடிஞ்சா என்ன செய்யறதுன்னு தெரியலே. அப்பாவை எங்கயாவது சேர்த்துடலாம்னா அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

"சேர்க்கறதா? எனக்குக் கை நேரானா போதும்" என்றார் பத்மா அக்கா, மகனைப் பார்க்காமலேயே.

எங்களோடு ஒரு இளம் டாக்டர் அப்போது வேலை பார்த்தான். பாலக்காட்டுத் தமிழ்ப் பையன். கெட்டிக்காரன், கை சுத்தம், நோயாளிகளிடம் பிரியமாகப் பேசுவான். பெயர் வேண்டாம், இன்னும் இங்கேதான் பிராக்டீஸ் செய்கிறான். அவனும் நானும் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றோம்.

"பிளேட் போட்டா மறுநாளே கையை அசைக்க ஆரம்பிக்கலாம் சார். துண்டிலே கட்டி விட்டா இந்தத் தலை இப்படியே கோணலா ஒட்டிண்டு, தோள் இறுகிப் போயிடும்."

"அசைக்கறது வேறே, ஆளைத் தூக்கறது வேறேடா."

"தெரியும் சார். ஆனா சும்மா விட்டா அந்தக் கை தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட எழும்பாது, கேட்டேளா?"

அவன் சொன்னது சரி. நானும் ஒப்புக்கொண்டேன். இன்றைக்கு அதே எக்ஸ்ரேயைக் காட்டினாலும் ஒப்புக்கொள்வேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் யார் தப்பு செய்தார்கள் என்று நீங்கள் தேடிக்கொண்டே வருவீர்கள். தேடாதீர்கள், கிடைக்காது.

ஆபரேஷன் அன்று அவன் செய்தான், நான் எதிர்ப்பக்கம் நின்றேன். திறந்து பார்த்தபோது அந்த உருண்டைத் தலை பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. நர்ஸ் பழக்கப்படி முழு ஆழத்துக்குத் துளை போடுகிற கருவியை நீட்டினார். வேண்டாம், வெளிச்சுவரை மட்டும் துளைத்தால் போதும், ஸ்க்ரூ தானே வழி பண்ணிக்கொண்டு போகட்டும் என்றேன். அப்படியே செய்தான். முதல் ஸ்க்ரூ உள்ளே போனது. கடைசியில் டக்கென்று பூட்டிக்கொண்டது.

"நன்னாப் பிடிச்சிருக்கு சார்" என்றான்.

"அது பிளேட்டோட பிடியாக்கும். எலும்பைக் கேட்டியா?"

அதைக் கழற்றச் சொன்னேன். அடுத்த ஓட்டையில் ஒன்றை மெதுவாக விடச் சொல்லி, அதன் தலை பிளேட்டைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். அப்போது ஸ்க்ரூ எலும்பில் மட்டும்தான் நிற்கும். இரண்டு விரலால் கருவியைப் பிடித்துத் திருப்பிப் பார் என்றேன். திருப்பினான். முகமூடிக்கு மேலே அவன் கண்கள் மாறின. நானும் திருப்பிப் பார்த்தேன். கஞ்சியில் கரண்டியைச் சுற்றுவது போல இருந்தது. இத்தனை அகலமான, இத்தனை ஆழமான மரை பிடித்துக்கொள்வதற்கு உள்ளே எதுவுமே இல்லை.

அந்த நேரம் பார்த்து மயக்க மருந்து டாக்டர் தலையை நீட்டினார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, அதிக நேரம் தர முடியாது என்றார்.

"இன்னும் நீளமான ஸ்க்ரூ போட்டுடலாமா சார்? மூட்டு ஓரத்திலே எலும்பு கொஞ்சம் கெட்டியா இருக்குமே" என்றான்.

அவன் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. உருண்டையின் மேல்தோலுக்கு அடியில் எலும்பு கொஞ்சம் கெட்டி. அங்கே போய்ப் பிடித்தால் பிடிப்பு கூடும். ஆனால் பிறகு எலும்பு கொஞ்சம் அமுங்கினாலும் ஸ்க்ரூ நுனி வெளியே துருத்தி, தோள்குழியை அரத்தால் அராவுவது போல அராவ ஆரம்பிக்கும். பிடிப்புக்காக நெருங்கிப் போவதா, மூட்டுக்காக விலகி நிற்பதா? இந்த இடத்தில் எந்தப் புத்தகமும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வராது. மேல்தோலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடலாம், தோள் தசைநார்களைத் தடித்த நூலால் பிளேட்டோடு கட்டிவிடலாம் என்றேன். அந்த வயதில் எலும்பைவிடத் தசைநார் நம்பகமானது. கட்டினோம். உருண்டையைத் தாங்குகிற மாதிரி அடிப்பக்கம் இரண்டு ஸ்க்ரூ போட்டோம். செய்யக்கூடியது எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் தையல் போட்டோம்.

எக்ஸ்ரே அழகாக வந்தது. அழகான எக்ஸ்ரேயை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை. அதில் இரும்பு பளபளவென்று வெள்ளையாகத் தெரியும். எலும்பு எவ்வளவு வெறுமை என்பது மங்கலாகத்தான் தெரியும். நம் கண் வெள்ளையைத்தான் பார்க்கும்.

வார்டில் போய் பத்மா அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"உள்ளே போட்டிருக்கற ஸ்க்ரூ நல்ல ஸ்க்ரூ அக்கா. அதைப் பிடிச்சுக்கற எலும்புதான் நல்லா இல்லே. மூணு மாசம் அவரைத் தூக்கக் கூடாது. இந்தக் கையாலே ஒரு குடம் தண்ணிகூட எடுக்கக் கூடாது."

"சரி சாரே."

"சும்மா சரின்னு சொல்லாதீங்க. யார் தூக்குவா?"

"யாராச்சும் வருவாங்க. பக்கத்து வீட்டிலே ஆட்டோ ஓட்டற சேட்டன் இருக்காரு. காலையிலே வந்து உட்கார வைக்கறேன்னு சொல்லியிருக்காரு. ராத்திரி குமார் வந்துருவான்."

"உச்சைக்கு?"

பத்மா அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். "உச்சைக்கு என்ன, கொஞ்ச நேரம்தானே."

நானும் சும்மா இருந்துவிடவில்லை. வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்க்கிற பாலியேட்டிவ் குழுவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் வாரத்துக்கு ஒரு முறை வந்தார்கள். அவர்களுக்கும் பார்க்க எத்தனையோ வீடு. கிடங்கிலிருந்து பெண்கள் சில நாள் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து உதவினார்கள். சரக்கு வந்து இறங்குகிற நாளில் அவர்களாலும் வர முடியவில்லை. காலைக்கு ஆள் இருந்தது, ராத்திரிக்கு ஆள் இருந்தது. நடுப்பகலை மட்டும் எங்களால் அடைக்கவே முடியவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கைப் பயிற்சிக்கு ஒழுங்காக வந்தார். கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டச் சொன்னால் சிரித்துக்கொண்டே ஆட்டுவார். "சாரே, இது எனக்கு விளையாட்டு மாதிரி இருக்கு" என்பார். பாலக்காட்டுக்காரனுக்கு வாயெல்லாம் பல். நானும் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தேன். அந்த நம்பிக்கை இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இப்போதும் ஆறவில்லை.

பிறகு ஒரு நாள், வரச் சொல்லாத நாளில் வந்தார். இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எக்ஸ்ரேயில் ஸ்க்ரூக்கள் போட்டது போட்டபடி நின்றன. ஒன்றுகூட வளையவில்லை, முறியவில்லை, பிளேட்டைவிட்டு ஒரு நூல் நகரவில்லை. எலும்புத் தலைதான் அவற்றை விட்டுக் கழன்று கீழே சரிந்திருந்தது. அத்தனை எச்சரிக்கையாகத் தள்ளி நிறுத்திய ஸ்க்ரூ நுனிகள் எல்லாம் வெளியே வந்து தோள்குழியைக் குத்திக்கொண்டு நின்றன.

"என்ன நடந்தது அக்கா?"

"காலையிலே ஆட்டோக்காரச் சேட்டன் வந்து நாற்காலியிலே உட்கார வெச்சுட்டுப் போனாரு. உச்சைக்கு யாரும் வரலே. நான் கஞ்சி எடுக்க அடுக்களைக்குப் போனேன். திரும்பிப் பார்த்தா அவரு சரியறாரு. நான் நினைச்சே செய்யலே சாரே. கை போச்சு, பிடிச்சுது."

"எந்தக் கை?"

"ரெண்டும்தான். உள்ளே ஏதோ பொட்டி உடைஞ்சாப்பலே ஒரு சத்தம் கேட்டுது. விட்டா அவரு தலை தரையிலே அடிக்கும். விடலே. பக்கத்து வீட்டுச் சேச்சி சத்தம் கேட்டு வர்ற வரைக்கும் விடலே."

பாலக்காட்டுக்காரனுக்குத் தாங்கவில்லை. "தூக்கக் கூடாதுன்னு அவ்வளவு சொன்னேனே அம்மா!" என்று கத்திவிட்டான். பத்மா அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார். "தூக்கலே மோனே. பிடிச்சேன்" என்றார்.

அவனைத் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். வராந்தாவில் நின்று அவன் முதலில் கேட்ட கேள்வி: "இன்னும் கொஞ்சம் தடியான ஸ்க்ரூ போட்டிருக்கலாமோ சார்?"

நீங்களும் ஒரு நாள் இப்படித்தான் கேட்பீர்கள். நமக்கு அழத் தெரியாது. அதனால் அளவை மாற்றிப் பார்ப்போம். ஒரு சுற்று தடித்திருந்தால், மரை இன்னும் ஆழமாக இருந்தால், ஸ்க்ரூவைச் சுற்றி எலும்புச் சிமென்ட் வைத்திருந்தால் என்று. அவனிடம் சொன்னேன்: தடியாகப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கும். ஆனால் விழுகிற ஒரு ஆண்பிள்ளையின் முழுப் பாரத்தை அந்த எலும்பில் எந்த மரையும் பிடித்திருக்காது. அவன் கேட்டுக்கொண்டான், நம்பவில்லை. நான் சொன்னதை நானும் பாதிதான் நம்பினேன்.

நுனிகள் குழியை அராவிக்கொண்டிருந்ததால் பிளேட்டை எடுத்தே ஆக வேண்டியிருந்தது. செயற்கை மூட்டைப் பற்றியும் பேசினோம். இதயம் அவ்வளவு நேர ஆபரேஷனைத் தாங்குமா என்று மயக்க மருந்து டாக்டர் யோசித்தார். பத்மா அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அதை வெச்சா எனக்கு அவரைத் தூக்கலாமா?"

"தூக்கக் கூடாது அக்கா. ஆயுசுக்கும்."

"பின்னே எதுக்கு சாரே அது?"

தலை வாரிக்கொள்ளலாம், வலி குறையும், புடவை கட்டிக்கொள்ளலாம் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவும் சொன்னேன். அவர் காதில் விழவே இல்லை.

பிளேட்டைக் கழற்றிய அன்று பாலக்காட்டுக்காரன் முதல் ஸ்க்ரூவைத் திருகினான். அசையவில்லை. நான் வாங்கித் திருகினேன். எனக்கும் அசையவில்லை. கடைசியில் இரண்டு கையாலும் முழு பலத்தோடு திருகிய பிறகுதான் கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. ஒவ்வொன்றும் அப்படித்தான். இரும்பு இரும்பை அவ்வளவு விசுவாசமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. தட்டில் விழுந்த ஸ்க்ரூக்களின் மரைகள் புத்தம்புதிதாகக் கூர்மையாக இருந்தன. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். நர்ஸ் மெதுவாகத் தட்டை அப்பால் நகர்த்தினார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். கையில் இறுக்கம் தெரிந்தால் அது யாருடைய இறுக்கம் என்று கேளுங்கள். பூட்டுவதற்கு முன்னால் எலும்பை ஒரு தடவை விசாரியுங்கள். பொத்தல் எலும்பில் அளவுக்கு மேல் துளை போடாதீர்கள். அந்தக் கை வீட்டுக்குப் போய் எதைத் தாங்கப் போகிறது என்று முதலிலேயே கேளுங்கள். இதெல்லாம் சரியான பாடங்கள். ஆனால் பத்மா அக்கா விஷயத்தில் இவை எல்லாவற்றையும் நாங்கள் செய்தோம். கேட்டோம், விசாரித்தோம், தெரிந்துகொண்டோம். தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. சில நேரம் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அதற்கு உங்களை யாரும் தயார் செய்வதில்லை. நானும் செய்ய முடியாது. இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லி வைக்கத்தான் முடியும்.

நடராஜனை, அதுதான் அவருடைய கணவர் பெயர், எறணாகுளம் பக்கம் ஒரு தரும ஸ்தாபனத்தில் சேர்த்தார்கள். வேறு வழி இல்லை. பத்மா அக்காவால் வலது கையைத் தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க முடியவில்லை. கிடங்கில் உட்கார்ந்து சுக்கு பொறுக்குகிற வேலையை மட்டும் இடது கையால் பழகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போட்டில் அக்கரைக்குப் போய்க் கணவரைப் பார்த்துவிட்டு வருவார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கடைசியாகக் கையைக் காட்ட வந்தார். புண் ஆறியிருந்தது. வலி முன்னைக்குக் குறைவு என்றார். பாலக்காட்டுக்காரனும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கிறது என்று பத்மா அக்காவிடம் கேட்டேன்.

"நல்லாப் பார்த்துக்கறாங்க சாரே. குற்றம் சொல்லக் கூடாது. ரெண்டு பசங்க இருக்காங்க, நல்ல உடம்பு. இடுப்பிலே பெல்ட்டு கட்டியிருக்காங்க. அடியிலே துணி போட்டு, ஒருத்தன் தலைமாட்டிலே, ஒருத்தன் கால்மாட்டிலே நின்னு தூக்கறாங்க. இதை நீங்க ஒத்தை ஆளாவாம்மா செஞ்சீங்கன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். சிரிக்கறாங்க, நம்பலே."

"முதுகுலே புண்ணு?"

"ஒண்ணு வந்திருக்கு. சின்னதுதான்."

இடது கையால் புடவைத் தலைப்பை எடுத்து வலது கைமேல் மூடிக்கொண்டார்.

"என்னைப் பார்த்தா மட்டும் நல்ல கையை நீட்டறாரு சாரே. எப்பவும் அப்படித்தான் நீட்டுவாரு, நான் கழுத்திலே போட்டுக்கிட்டுத் தூக்குவேன். இப்பவும் நீட்டறாரு. நான் அந்தக் கையைச் சும்மா பிடிச்சுட்டு நிப்பேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, கையை இழுத்துக்கிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு. எலும்பு, ஸ்க்ரூ எல்லாம் அவருக்கு எங்கே புரியும்? எனக்கு முடியலேன்னு அவருக்குத் தெரியாது. இவ மாட்டேங்கறான்னுதான் நினைச்சுட்டிருக்காரு."